சாலமாண்டர் அணியில் நான்

ஓங்கிலின் மீது, அதாவது ஆற்று டால்ஃபின் மீது, எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. கங்கைச் சேற்றில் கண் தெரியாமல், தன் குரலின் எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடித்துக் காலம் தள்ளும் ஒரு பிராணியை யாரால் வெறுக்க முடியும்? ஆனால் அதைத் தூக்கி மேடையில் உட்காரவைத்து, அதன் பெயரைச் சொல்லி என் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்துப் போகப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வந்தது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகள் ஒருத்தி, எனக்குச் சின்னவள். நான் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டபோது சின்னவள் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது பதிமூன்று வயது, உயர்நிலை ஒன்று. பெற்ற தகப்பன் அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்விட்டார். அவரை யாரும் தேடவில்லை, அவரும் யாரையும் தேடவில்லை. அவள் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தீபாவளியன்று உறவுக்காரர் யாரோ அவளிடம் "அப்பான்னு சொல்லு" என்று வற்புறுத்தியபோது, "வேணாம், அங்கிள்னே வரட்டும்" என்று தடுத்தவன் நான்தான். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

நாங்கள் இருவரும் சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில் ஒரு நாலறை வீட்டில் இருக்கிறோம். நான் கட்டட நிர்வாக நிறுவனம் ஒன்றில் பொறியாளர். மின்தூக்கி நின்றாலும் குளிர்சாதனம் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் சமையல் என்னுடையது, துணி மடிப்பது அவளுடையது. சனிக்கிழமைகளில் தரை துடைக்கும்போது யார் பாட்டு போடுவது என்று சண்டை வரும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளோடு தொலைபேசியில் சிரிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அன்றைய நாள் நல்லபடியாக முடிந்தது என்று பொருள்.

புக்கிட் பாத்தோக்கில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். வங்கியில் நல்ல வேலை. சொந்தப் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் படிக்கிறார்கள். தமிழ் நிகழ்ச்சிகளில் அவர் பேச்சுக்கு ஒரு கூட்டமே உண்டு. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினால் அரங்கம் அவர் சொன்னபடி கேட்கும். இறந்துபோனவள் அவருக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கையின் மூக்கும் முகவாயும் இப்போது மார்சிலிங்கில் என் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கின்றன. அவருடைய வலி எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியாது அல்லவா?

பொங்கலுக்கு நாங்கள் அங்கே போயிருந்தபோது ஒரு அறையைத் திறந்து காட்டினார். புதிதாக வெளிர் ஊதா நிறம் அடித்து, கட்டில் போட்டு, மேசை விளக்கு வாங்கி வைத்திருந்தார். சின்னவள் பால்கனியில் இருந்தாள்.

"ஜூன் ஹாலிடேல கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன் தம்பி. ஸ்கூல் டிரான்ஸ்ஃபர் நான் பாத்துக்கறேன்."

"எதுக்குக்கா? அவ நல்லாத்தானே இருக்கா."

"இப்ப நல்லா இருக்கா. பொம்பளப் புள்ள இல்லையா? நாளைக்குப் பெரியவளானா என்ன செய்வீங்க? யூடியூப் பாப்பீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. என்ன இருந்தாலும் நீங்க..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

யூடியூப் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அது முந்தின வருடமே நடந்து முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "அங்கிள், கீழ கடைக்குப் போயிட்டு வர முடியுமா?" என்ன வாங்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் மனைவி இருந்தாள்தானே.

கடையில் அந்த அலமாரிக்கு முன்னால் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் வியர்க்கும். இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, இறக்கை வைத்தது, வைக்காதது. தண்ணீர்க் குழாய் வகைகளில் எதைக் கேட்டாலும் சொல்வேன், இதில் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்துக் கூடையை நிரப்பிக்கொண்டு போனேன். பணம் வாங்கும் சீன அம்மா கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "திஸ் ஒன் எனஃப் லா. கேர்ள் ஸ்மால், ஆ?" என்றார். கூடவே வெந்நீர்ப் பை ஒன்றையும் அவரே எடுத்து வந்து போட்டார். வீட்டுக்கு வந்து பையைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு, மைலோ கலக்கப் போனேன்.

வெளியே வந்தவள் சோபாவில் சுருண்டு படுத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"பெரியம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள். சொன்னா ஹால் புக் பண்ணிடுவாங்க. என்னை சேர்ல உக்கார வெச்சு எல்லாரும் மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க. ஐ டோன்ட் வான்ட். அம்மா இருந்தாலும் வேணாம்னுதான் சொல்லிருப்பேன்."

"சொல்ல மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

ஆகவே அந்த ஊதா அறையின் வாசலில், அக்காவின் வாயை அடைக்கக்கூடிய ஒரே பதிலை வைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "அவ வரமாட்டாக்கா" என்று மட்டும் சொன்னேன். "அதை ஜூன்ல பாக்கலாம்" என்றார் அவர்.

இந்த நிலைமையில்தான் ஏப்ரல் வந்தது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஏப்ரல் தமிழ்மொழி மாதம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடை, ஒரு குத்துவிளக்கு, ஒரு பொன்னாடை. தேக்கா பக்கத்துச் சமூக மன்றம் ஒன்றின் குழுவில் இருக்கும் நண்பர் எனக்குப் போன் செய்தார். பட்டிமன்றத்தில் ஓர் ஆள் குறைகிறதாம்.

"தலைப்பு என்ன?"

"ஆத்து ஓங்கிலா, ஓடை சாலமாண்டரா."

"என்னது?"

"யூத் வரணும் லா. எத்தனை வருஷம் கணவனா மனைவியான்னே பேசுறது? இந்த வருஷம் தண்ணி தீம். ஓங்கில் சைடு ஃபுல் ஆயிடுச்சு. சாலமாண்டர் சைடுக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க."

உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றாது என்று நினைக்கிறேன். இரண்டு பிராணிகள். ஒன்று இந்தியச் சமவெளி ஆறுகளில் நீந்துவது, மற்றது தவளைக்கு உறவு, பல்லி உருவம், சீனத்து மலையோடையில் பாறைக்கு அடியில் கிடப்பது. ஒன்றையொன்று கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. இவற்றைப் பிடித்து வந்து எதிரெதிரே நிறுத்தி, நடுவில் நடுவர் ஒருவரை உட்காரவைத்து, மணி அடித்து, வடையும் கொடுத்து, எது பெரியது என்று தீர்ப்புக் கேட்பதற்குத் தமிழர்களால்தான் முடியும். நான் மறுக்கத்தான் இருந்தேன். ஓங்கில் அணியில் யார் யார் என்று சும்மா கேட்டேன். முதல் பெயரே அக்காவுடையது. உடனே ஒப்புக்கொண்டேன்.

என் கட்சிக்காரரை, அதாவது சாலமாண்டரை, நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை சின்னவளையும் அழைத்துக்கொண்டு மண்டாய்ப் பக்கம் உள்ள விலங்குப் பூங்காவுக்குப் போனேன். குளிரூட்டிய இருட்டுத் தொட்டி. அடியில் கருப்பாக, தட்டையாக, ஓர் ஆள் கை நீளத்துக்கும் மேல், பழைய தோல் செருப்பை ஊறவைத்தது போல ஒன்று கிடந்தது. கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் "ஐயோ, சோ அக்லி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒரு குழந்தை, "இது செத்துப் போச்சா?" என்று கேட்டது. அது அசையவே இல்லை.

"நீங்க தோத்துருவீங்க அங்கிள்" என்றாள் சின்னவள், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு.

"ஏன்?"

"டால்ஃபினைப் பாருங்க. க்யூட். எல்லாருக்கும் பிடிக்கும். இதை யாரு லவ் பண்ணுவா?"

பக்கத்தில் இருந்த பலகையை அவளே படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து இருவரும் மேலும் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க எனக்கு அந்தச் செருப்பின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஓங்கிலுக்கும் கண் தெரியாது, இதற்கும் சரியாகத் தெரியாது. ஓங்கில் ஓயாமல் சத்தம் எழுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இது சத்தமே போடாமல் தோலை வைத்துத் தண்ணீரின் அசைவைத் தெரிந்துகொள்ளும். ஓங்கில் மூச்சுக்காகத் திரும்பத் திரும்ப மேலே வந்து முகத்தைக் காட்டியே ஆக வேண்டும். இது உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோலாலேயே பெரும்பாலும் மூச்சு விடுகிறது. அதனால் ஓடும் குளிர்ந்த தண்ணீர் இருக்கும்வரை யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. நான் இதில் எந்த ஜாதி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கும் மேல் ஒரு செய்தி இருந்தது. அதைப் படித்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை, மேடைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

பட்டிமன்ற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நடுவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வழக்கம் அப்படித்தான், எங்கள் சண்டையைத் தீர்க்க விமானத்தில் ஆள் வர வேண்டும். நல்ல மனிதர். காசியில் படகில் போகும்போது ஓங்கிலின் முதுகை ஒரு கணம் பார்த்ததாகச் சொன்னார். எங்களில் வேறு யாரும் அதுகூடப் பார்த்ததில்லை. வடையைக் கடித்துக்கொண்டே எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னார்.

"தீர்ப்பு ஓங்கிலுக்குங்க. பாலூட்டி பாருங்க, தாய்மைன்னு கொண்டுபோய் முடிச்சா கைதட்டு அள்ளும். சாலமாண்டர் அணி சும்மா கலகலப்பா பேசுங்க, போதும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டிமன்றத்தில் இது ரகசியமும் இல்லை, அநியாயமும் இல்லை. முடிவு தெரிந்தால்தான் பேச்சைச் சமைக்க வசதி. எனக்கு மட்டும் டீ கசந்தது. ஓங்கிலோ உடும்போ, எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கடைசியில் தாய்மையில் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதா? தகப்பனுக்கு ஒரு கைதட்டு கிடையாதா? அதுவும் பெறாத தகப்பன் என்றால் டீயோடு அனுப்பிவிடுவதா?

அரங்கம் நிறைந்திருந்தது. சின்னவள் மூன்றாவது வரிசையில் என் நண்பரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேச்சாளர்களுக்குப் பிறகு அக்கா எழுந்தார். வழக்கம்போலப் பிரமாதமாகப் பேசினார். பிறந்த கன்றின் முதல் மூச்சுக்காகத் தாய் ஓங்கில் அதைக் கூடவே மேலே அழைத்து வருவதைச் சொன்னபோது அரங்கம் அமைதியாகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நடுவர் அவர்களே! எதிரணியின் நாயகனைப் பாருங்கள். முட்டையைப் போட்டதும் தாய் போய்விடுகிறாள். பாறைக்கு அடியில் ஓர் ஆண் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். பால் உண்டா? இல்லை. குரல் உண்டா? இல்லை. போதாக்குறைக்குச் சில முட்டைகளை அவனே தின்றும் விடுகிறான்! இவனை நம்பி ஒரு குடும்பமா? நாளைக்கு அந்த வீட்டுப் பொண்ணு பெரியவளானா இவன் என்ன பண்ணுவான்? வாலை ஆட்டுவானா?"

அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வாசகம் மக்களுக்குச் சொன்னதல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. போன வருடமே ஆகிவிட்டது அக்கா, அந்த வாலாட்டிதான் கடைக்குப் போனான் என்று ஒரு வரி சொன்னால் போதும். அரங்கம் என் பக்கம் சாய்ந்திருக்கும், விமானத்தில் வந்த தீர்ப்பும் திரும்பிப் போயிருக்கும், ஜூன் மாதமும் எனக்குச் சொந்தமாகியிருக்கும். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. நான் அந்தப் பதிலை விழுங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், சுலபமாக இறங்கவில்லை.

"நடுவர் அவர்களே" என்றேன். "தீர்ப்பு ஓங்கிலுக்கு என்று டீ குடிக்கும்போதே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதனால் ஜெயிக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு இல்லை. மனதில் பட்டதைப் பேசிவிட்டுப் போகிறேன்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. நடுவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உண்மையைச் சொன்னால் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கைதட்டும் இடம் பட்டிமன்றம். சரி, தட்டட்டும் என்று தொடர்ந்தேன்.

"ஓங்கில் பால் கொடுக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். அதன் தகப்பன் எங்கே? கன்று போட்டதிலிருந்து அந்த மகானை யாராவது பார்த்தீர்களா? பால் நின்றதும் கன்று தன் வழியைப் பார்க்கிறது. அதுவும் நல்லதுதான். இப்போது என் ஆளுக்கு வருகிறேன். அக்கா சொன்னார்கள், முட்டையைத் தின்கிறான் என்று. தின்கிறான். பூஞ்சை பிடித்த முட்டையை, செத்துப்போன முட்டையைத் தின்கிறான். ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் அழுகும். கெட்டதை வாயில் போட்டுக்கொண்டு நல்லதைக் காப்பாற்றுகிறான். வாலை ஆட்டுகிறான் என்று சிரித்தீர்கள். ஆட்டத்தான் ஆட்டுகிறான். முட்டைகளுக்கு மூச்சு வேண்டும். தண்ணீர் தேங்கினால் அவை மூச்சு முட்டிச் சாகும். அதனால் இரவும் பகலும் வாலை ஆட்டி நல்ல தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கிறான்."

சிரிப்பு குறைந்திருந்தது.

"இன்னும் ஒன்று. அந்தப் பொந்தில் இருக்கும் முட்டைகள் எல்லாம் அவனுடையவை அல்ல. வேறு ஆண்களும் வந்து போயிருப்பார்கள். அவர்களுடையதும் அதில் கலந்திருக்கும். வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இவன் மட்டும் போகவில்லை. எது யாருடையது என்று இவன் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வால். குஞ்சுகள் தாமாக வெளியேறும்வரை இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று குளிரில் கிடக்கிறான்."

நடுவர் மணியை அடித்தார்.

"அடியுங்கள் ஐயா. நான் இன்னும் முடிக்கவில்லை. பால் கொடுத்தால்தான் உறவு என்றால் இந்த அரங்கத்தில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம். போய் அவரவர் பிள்ளைகளிடம், நான் உனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் சொல்லமாட்டேன். இடத்தைக் காலி பண்ணு என்று யார் வந்து சொன்னாலும் என் ஆள் பண்ணமாட்டான். பாறைக்கு அடியில் கை விட்டால் கடிப்பான். கையைப் பார்த்து விடுங்கள். நன்றி."

கைதட்டினார்கள். கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்கள். அக்கா எதிர் மேசையில் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

நடுவர் தீர்ப்பு சொல்ல எழுந்தார். என் பேச்சைப் பாராட்டினார். பிறகு, "நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கான ஓங்கில்" என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "யாரு நாட்டு சார்?" என்று கேட்டது. அவர் தாமதிக்காமல், "தாய் எந்த நாட்டில் இருந்தாலும் தாய்தானே!" என்று போட்டார். கைதட்டு அள்ளியது. ஓங்கில் வென்றது. எல்லோருக்கும் பொன்னாடை போட்டுப் படம் எடுத்தார்கள். தோற்ற அணி ஓரத்தில் நின்றது.

வெளியே வந்ததும் அக்கா பக்கத்தில் வந்து, "தேக்கால சாப்பிட்டுப் போலாம் வாங்க" என்றார். அது அழைப்பு போலவும் இருந்தது, விசாரணைக்குக் கூப்பிட்டது போலவும் இருந்தது. மூவரும் ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்து போனோம். உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு மேசை காலியாகும்வரை நின்று பிடித்தோம். நான் பரோட்டாவும் தே தாரிக் டீயும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். யாரும் தொடவில்லை.

"கடிப்பான்னு சொன்னீங்களே, யாரைத் தம்பி சொன்னீங்க?" அக்கா மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரு கை விட்டாலும்னு சொன்னேன்."

"அவ என் தங்கச்சி பொண்ணு. என் ரத்தம். நான் போய்ப் பொந்துல கை விடறேன்னு சொல்றீங்க."

"உங்க ரத்தம்தான்கா. யாரு இல்லன்னா? ஆனா அவ வீடு மார்சிலிங்ல இருக்கு."

"ஒரு ஆம்பளை தனியா..."

"ஸ்டாப்" என்றாள் சின்னவள்.

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். அவள் எங்களிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை.

"ரெண்டு பேரும் மேடையில ஏறி ஹால் ஃபுல்லா என்னைப் பத்திதான் பேசினீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பெரியம்மா என்னைக் கன்னுக்குட்டி ஆக்கிட்டீங்க. அங்கிள் என்னை முட்டை ஆக்கிட்டீங்க. நான் முட்டை இல்ல. யாராவது ஒருத்தர், ஜஸ்ட் ஒன் டைம், என்கிட்ட கேட்டீங்களா?"

கடிப்பான் என்று மேடையில் மார்தட்டிய நான் தே தாரிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"பெரியவளானா என்ன பண்ணுவான்னு கேட்டீங்கல்ல பெரியம்மா? அது லாஸ்ட் இயரே ஆயிடுச்சு."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த கைக்குட்டை மேசையில் விழுந்தது.

"அம்மாடி... எப்ப? யாரு பாத்துக்கிட்டா?"

"இவருதான். கடைக்குப் போயி எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. மைலோ போட்டுக் குடுத்தாரு. அன்னைக்கு ஃபுல் டே வேலை ஃபோனைக்கூட எடுக்கல."

"என்கிட்ட ஏன்டா கண்ணு சொல்லல?"

"நீங்க ஹால் புக் பண்ணிருப்பீங்க."

அக்கா அழுதார். சத்தமில்லாமல், கண்ணாடியைக் கழற்றாமல் அழுதார். தங்கை மகளுக்குத் தன் கையால் மஞ்சள் பூச வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாரோ. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"இதை நீங்க மேடையிலயே சொல்லிருக்கலாமே தம்பி. நான் அப்படிக் கேட்டப்பவே சொல்லிருந்தா நான் வாயைத் திறந்திருக்க முடியாது. நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"அது என் விஷயம் இல்லக்கா. அவளோடது. எப்படி நான் சொல்ல முடியும்?"

அக்கா என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடப் பழக்கத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சின்னவள் ஆறிப்போன பரோட்டாவை மூன்றாகப் பிய்த்து மூன்று தட்டிலும் போட்டாள்.

"ஓகே லா. நான் சொல்றேன், கேளுங்க. நான் மார்சிலிங்லதான் இருப்பேன். சண்டே சண்டே பெரியம்மா வீட்டுக்கு வரேன். அந்த பர்ப்பிள் ரூம் எனக்குப் பிடிச்சிருக்கு, நைட் தங்கணும்னா தங்கறேன். இதுக்கு யாரும் தீர்ப்பு சொல்ல வேணாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இருவரும் சாப்பிட ஆரம்பித்தோம்.